பூட்டிய பெட்டியும் வழுக்கும் கிளட்சும்

"உங்க ஊர்ல ஓடுற வண்டியிலயே சக்கரத்தைக் கழட்டிடுவாங்களாமே?"

வேலை கேட்டு வந்தவளிடம் பட்டறை முதலாளி கேட்ட முதல் கேள்வி இது. அவள் ஊர் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. டிவி தொடரில் பார்த்திருக்கிறார், நான்கு பாகம். அதில் அவள் ஊர்க்காரன் ஒருவனும் வேலைக்குப் போவதில்லை. திருடுவான், சுடுவான், நடுவில் தலை வாரிக்கொள்வான்.

"ஓடும்போது முடியாது சார். சிக்னல்ல நிக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். உனக்கு வாய்தான்டி சத்துரு என்று அக்கா சும்மாவா சொன்னாள்?

அந்த அக்கா வீட்டுச் சோபாவில்தான் எட்டு மாதமாக அவள் படுக்கை. அக்கா புருஷன் ஒன்றும் சொல்லமாட்டார். காலையில் செய்தித்தாளைச் சத்தமாக மடிப்பார், அவ்வளவுதான். இந்த வேலை கிடைத்தால் தனி அறை. இல்லையென்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு.

"மத்தியானத்துக்குள்ள இதைச் சரிபண்ணு, வேலை உனக்கு" என்று தன் சொந்த மோட்டார் சைக்கிளைக் காட்டினார். இருபது வருடமாகக் கார் மட்டுமே பார்த்த பட்டறை அது. பைக் பழுதுபார்க்கத் தொடங்கி ஆறு மாதம்தான். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்தியது, வண்டி நகர மறுத்தது. இரண்டு முறை புது கிளட்ச் பிளேட் போட்டும் வழுக்கல் நிற்கவில்லை.

கிளட்ச் கேபிளை இழுத்துப் பார்த்தாள், குறையில்லை. சுவரோரம் காலி ஆயில் டப்பா ஒன்று கிடந்தது.

"என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"இருக்கறதுலயே ஒசந்தது. என் காருக்கும் அதுதான்."

ஊட்டி ஊட்டியே பிள்ளையைக் கெடுத்த கதை!

"சார், கார்ல கிளட்ச் தனியா, ஆயில் படாம இருக்கு. இதுல ஆயிலுக்குள்ளயே முங்கிக் கிடக்கு. கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னே மருந்து கலந்திருப்பாங்க, பிளேட்டை வழவழன்னு ஆக்கிடும். அப்புறம் அது எதைப் பிடிக்கும்?"

அவர் முகம் சிவந்தது. பைக்குக்கான ஆயிலை வாங்க அவரே கடைக்குப் போனார், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். ஆனால் அதைவிட்டு நகரவில்லை. அவள் கேட்ட ஒவ்வொன்றையும் அவரே எடுத்துக் கொடுத்து, வேலை முடிந்ததும் வாங்கி உள்ளே வைத்தார்.

"எட்டாம் நம்பர் ஸ்பானர்." கொடுத்தார்.

"உப்புத்தாள்." கொடுத்தார்.

"இந்த மூடியைப் பிடிங்க." பிடித்தார்.

பழைய ஆயிலை வடித்து, பிளேட்டுகளைப் பெட்ரோலில் கழுவி, பளபளப்புப் போக உப்புத்தாளில் தேய்த்து, புது ஆயில் ஊற்றி மூடியபோது மணி பதினொன்றரை. முதலாளிக்கு முழங்கை வரை கறுப்பு.

பட்டறைக்குப் பின்னால் இருந்த செங்குத்தான மேட்டில் அவர் ஓட்ட, வண்டி ஒரே மூச்சில் ஏறியது. கீழிருந்து பார்த்தவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தும் விட்டாள்.

இறங்கி வந்தவர் கருவிப் பெட்டியின் சாவியை நீட்டினார். "இனிமே நீயே வச்சுக்கோம்மா."

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நாளைக்கும் எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு ஆள் வேணும்ல?"

இந்த முறை அவர் சிரித்துவிட்டார்.