பதினாலாவது சுற்று

ஏரியில் பனிக்கட்டி உடைந்து முதல் கப்பல் துறைக்கு வந்துவிட்டால், டிசம்பர் வரை எங்களுக்குச் சனியும் கிடையாது, ஞாயிறும் கிடையாது. அதனால் அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் ஆள் எடுக்கும் நாள். இடம் ஹாங்க் கோவாச்சின் கார் ஷெட். காரை வெளியே பனியில் தள்ளிவிட்டு, உள்ளே இரண்டு மடக்கு மேசை போட்டு, ஒரு ஹீட்டரைக் கொளுத்திவிட்டால் போதும். மேசைக்குக் கீழே கால் விறைக்கும், மேலே முகம் வேகும். யாரும் குறை சொன்னதில்லை.

நாங்கள் பத்துப் பேர், எல்லாரும் இரும்புத் தாது இறக்கும் துறையில் வேலை. பேஸ்பால் சீசன் தொடங்குமுன் ஆளுக்கு இருபது ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம், முறை வைத்து, சுற்றுக்கு ஒருவனாக. ஒருவர் எடுத்தவனை இன்னொருவர் எடுக்க முடியாது. பிறகு கோடை முழுக்க அவன் எங்கோ நிஜமாக ஆடுவான். அவன் அடிப்பதும் விடுவதும் எடுத்தவர் கணக்கில் ஏறும். நாங்கள் மட்டையைத் தொடுவதே இல்லை. எங்களில் பாதிப் பேருக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்க வராது. ஆனாலும் அக்டோபரில் ஜெயித்தவர் பனிக்காலம் முழுக்கச் சாப்பாட்டு அறையில் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. மூன்று வருடமாக அந்தப் பேச்சைப் பேசுவது கிரேன் ஓட்டும் மிக்தாலியா.

என் வேலை சுவரில் சீட்டு ஒட்டுவது. பெரிய அட்டையில் ஆளுக்கொரு கட்டம்; பெயரைச் சொன்னதும் அந்தப் பெயர் அச்சடித்த சீட்டை உரித்து அவர் கட்டத்தில் ஒட்டுவேன். ஏற்கெனவே போய்விட்ட பெயரை யாராவது சொன்னால் தண்டனை உண்டு. வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியில் மிஞ்சும் தண்ணீரை ஒரு கிளாஸ் முழுசாகக் குடிக்க வேண்டும். புல்டோசர் ஓட்டும் ஆர்வில் குடிக்காத வருடம் இல்லை. அவன் பலகையைப் பார்ப்பதில்லை, சாப்பாட்டைத்தான் பார்ப்பான்.

இந்த வருடம் ஹெல்மெட்டில் சீட்டுப் போட்டு யார் முதல், யார் கடைசி என்று எடுத்து முடித்ததும், ஹாங்க் பியரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். என் பையனை எவனும் எடுக்கக் கூடாது.”

“எடுக்கப் போறோம்னு யார்யா சொன்னா?” என்றாள் மிக்தாலியா, அவித்த முட்டையை மென்றுகொண்டே.

“முன்கூட்டியே சொல்றேன். வியாழக்கிழமைதான் பெரிய டீம்ல சேத்திருக்காங்க. நல்ல விஷயம். அதுக்காக ஹாங்க் சந்தோஷப்படட்டும்னு பாவம் பாத்து எவனாவது அவன் பேரைச் சொன்னா, அந்தச் சீட்டை நானே கிழிச்சு ஹீட்டர்ல போட்டுடுவேன்.”

அவர் பையன் நீல் இடதுகைப் பந்து வீச்சுக்காரன். எட்டு வருடம் கீழ் லீக்கில் பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே சாப்பிட்டுக் கிடந்தவன். பனிக்காலத்தில் ஊருக்கு வந்து எங்களோடு கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய தாதுவை அள்ளிப் போடுவான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டீம் அவனை வேண்டாமென்று அனுப்பியது. அன்றைக்கு ஹாங்க் வீட்டுக்குத் தெருவே சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி சாப்பாடு தூக்கிக்கொண்டு வந்தது. அதை ஹாங்க் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“மூடி போட்ட பாத்திரம் பதினொண்ணு,” என்றார் இப்போதும். “செத்தாக்கூட எனக்கு அத்தனை வராது.”

“அதுல மீன் போட்ட நூடுல்ஸ் என்னோடது,” என்றான் ஆர்வில் பெருமையாக.

“தெரியும். நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.”

சிரிப்போடு ஆட்டம் தொடங்கியது. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அச்சடித்த சீட்டுக் கட்டு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. அதில் நீல் பெயர் எப்படி இருக்கும்? வெற்றுச் சீட்டு ஒன்றில் நான் வீட்டிலேயே மார்க்கரால் அவன் பெயரை எழுதி, கட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சும்மா இருக்கட்டும் என்றுதான்.

இரண்டாவது சுற்றில் ஆர்வில், மட்டைக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர் ஆல்டனை எடுத்தான். நீல் இப்போது சேர்ந்திருக்கும் டீமின் கேட்சர்.

“அவன் உயிரோட இருக்கானான்னு பாத்தியாடா?” என்று கேட்டேன். ஆர்வில் எடுத்தவன் எவனாவது மே மாதத்தைத் தாண்டினால் அதிசயம். போன வருடம் முதல் சுற்றில் எடுத்தவன் நாய்க்குட்டி தடுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டான்.

“பாறை மாதிரி இருக்கான். எழுதி வச்சுக்க.”

ஐந்தாவது சுற்றிலோ ஆறாவதிலோ ஹாங்க் பியர் எடுக்க வருகிறவர் மாதிரி என் பக்கம் வந்தார். சீட்டுக் கட்டைச் சும்மா புரட்டினார். அடியில் இருந்த சீட்டு கையில் வந்தது. பார்த்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கட்டைவிரலால் அந்தப் பெயரை ஒருமுறை தடவினார். பிறகு பத்திரமாகத் திரும்ப அடியில் செருகினார்.

“உன் கையெழுத்து கேவலமா இருக்கு,” என்றார்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதருக்குப் பையன் வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது சுற்றில் ஆர்வில் எப்போதோ போன பெயரைச் சொல்லி ஊறுகாய்த் தண்ணீர் குடித்தான். குடித்துவிட்டு உதட்டை நக்கி, “போன வருஷத்தைவிட உப்பு கம்மி,” என்றான். மிக்தாலியா மூன்று பேர் வாயில் இருந்த பெயர்களைப் பிடுங்கினாள். ஒருவர் வாயைத் திறக்குமுன் அவருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கிரேன் கூண்டிலிருந்து கீழே பார்க்கிற அதே பார்வை.

பதினாலாவது சுற்றில் ஹாங்க் சாசேஜைத் திருப்பிப் போட வெளியே போனார். ஷெட்டின் பக்கவாட்டில்தான் அடுப்பு, கதவு சாத்தியிருந்தது. மிக்தாலியாவின் முறை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள்.

“நீல் கோவாச்.”

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“விளையாடாத மிக்தா,” என்றேன். “அவர் சொன்னதைக் கேட்டல்ல?”

“கேட்டேன். பாவம் பாத்து எடுக்கக் கூடாதுன்னார். நான் எங்க பாவம் பாத்தேன்? அந்த டீம்ல கடைசி இன்னிங்ஸ்ல வந்து போட இடதுகைக்காரன் ரெண்டே பேர். இன்னொருத்தனுக்கு முழங்கைல ஆபரேஷன். அப்ப யாரைக் கூப்பிடுவாங்க? உங்க அம்மாவையா? ஒட்டுடா சீட்டை.”

“அநியாயம்!” ஆர்வில் மேசையைத் தட்டினான். “அடுத்த சுத்துல நான் எடுக்கறதா இருந்தேன்!”

“நீ எதுக்கு எடுப்ப?”

“என்னது எதுக்கு? நம்ம நீல் பையன்டி!”

“அதைத்தான் அந்த ஆளு கிழிப்பேன்னார். வாயை மூடு.”

நான் ஒட்டினேன். மற்றவர்கள் ஹாங்கைக் கூப்பிடலாம் என்றார்கள். மிக்தாலியா விரலை உயர்த்தினாள். “வேணாம். அவரே கேப்பாரு. கடைசிச் சுத்து வரைக்கும் தாக்குப் பிடிப்பாரு, அப்புறம் முடியாது. பாக்கலாமா?”

எல்லாருக்கும் உடனே அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆர்வில் தன் நாற்காலியை நகர்த்தி மிக்தாலியாவின் கட்டத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்தால் அட்டை மட்டுமல்ல, ஜன்னலே தெரியாது.

ஹாங்க் சாசேஜ் தட்டோடு உள்ளே வந்தார். “எவன் போனான்?”

“முக்கியமா யாரும் இல்ல,” என்றாள் மிக்தாலியா.

அதற்குப் பிறகு ஆறு சுற்றும் எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. வயதான ஆட்கள் ஒன்பது பேரும் சர்ச்சில் சிரிப்பை அடக்குகிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். ஆர்வில் மூத்திரத்துக்குக்கூடப் போகாமல் நெளிந்தான். ஹாங்க் ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்தார், என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், வேறு எவனையோ எடுத்தார். பதினெட்டாவதில் ஓய்வுக்குப் போக வேண்டிய வயதில் இருந்த ஒருவனை எடுத்தார். “அனுபவம் உள்ளவன்,” என்றார் யாரும் கேட்காமலே.

கடைசிச் சுற்று. ஹாங்கின் முறை. நான் சமையலறை டைமரைத் திருப்பி வைத்தேன். டிக் டிக் என்றது.

“எனக்கு ஒரு இடதுகைக்காரன் தேவைப்படுது,” என்றார் ஹாங்க், யாரையும் பார்க்காமல்.

“அப்படியா,” என்றாள் மிக்தாலியா.

“பாசம் கீசம் ஒண்ணும் இல்ல. இடம் காலியா இருக்கு. மிச்சம் இருக்கறவன்ல யாரு தேறுவான்னு பாத்தா…” அவர் கழுத்து சிவந்தது. “நீல் கோவாச். அவ்வளவுதான். ஒட்டு.”

“எடுத்தாச்சு!”

ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் தகரக் கூரை அதிர்ந்தது. ஆர்வில் துள்ளி எழுந்து நகர்ந்தான். என் கேவலமான கையெழுத்தில் நீல் பெயர், மிக்தாலியாவின் கட்டத்தில்.

ஹாங்க் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுவருக்குப் போனார். சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார்.

“நான் என்ன சொன்னேன்?” குரல் தாழ்ந்திருந்தது. “என்ன சொன்னேன் நான்? அவனுக்கு எவன் பிச்சையும் வேணாம்.”

“யோவ், கையை எடு,” என்றாள் மிக்தாலியா. எழுந்திருக்கக்கூட இல்லை. “நான் பிச்சை போட்டு நீ பாத்திருக்கியா? போன வருஷம் முதுகுல ஆபரேஷன் பண்ணி ஆஸ்பத்திரில கெடந்தியே, அப்ப நான் எதுக்கு வந்தேன்?”

ஹாங்க் யோசித்தார். “பூ கொண்டுவந்த.”

“பூவைக் குடுத்துட்டு?”

“…என்னோட முதல் பிட்சரை மாத்தி வாங்கிட்டுப் போன.”

“எதுக்கு?”

“ஷார்ட்ஸ்டாப்ல நின்னு ஆடற ஒரு நொண்டிக்கு.” ஹாங்க் பல்லைக் கடித்தார். “வலி மாத்திரை போட்டுட்டு எனக்கு என் பேரே தெரியல அன்னைக்கு.”

“அதுக்காகத்தான்யா அன்னைக்கு வந்தேன். அந்த நான் உனக்குப் பாவம் பாப்பனா? உன் பையன்கிட்ட போன வருஷம் இடதுகை பேட்ஸ்மேன் ஒருத்தன்கூட ஹோம் ரன் அடிக்கல. உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“எனக்கும் தெரியும். எனக்கு ஜெயிக்கணும். அதான் எடுத்தேன்.”

ஹாங்கின் விரல் இன்னும் சீட்டின் ஓரத்திலேயே இருந்தது. அவர் அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே எண்ணினார். உதடு அசைந்தது. நடுவில் நின்று, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.

“பதினாலா?”

“பதினாலுதான்.”

“பதினாலாவது சுத்துலயா எடுத்த? இவனுக்காக அந்த மெக்கல்லனை எடுக்காம விட்டு வச்சிருக்க. மெக்கல்லன் போன வருஷம் நல்லாப் போட்டானே.”

“அவனைவிட இவன் தேவலை.”

ஹாங்க் என்னைப் பார்த்தார், ஆர்விலைப் பார்த்தார். கண் கலங்கியதா, ஹீட்டர் புகையா, எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

“நான் கடைசிச் சுத்துக்குத்தான் தேறுவான்னு வச்சிருந்தேன்,” என்றார். “பெத்தவன் நான்.”

“அதான் நீ தோத்துக்கிட்டே இருக்க,” என்றாள் அவள்.

முதலில் ஹாங்க்தான் சிரித்தார். அந்த ஆள் சிரித்தால் வயிற்றிலிருந்து வரும், பழைய எஞ்சின் கிளம்புகிற மாதிரி. பிறகு எங்களைக் கேட்கவா வேண்டும். ஆர்வில் ஜாடியைத் தூக்கி வந்து கிளாஸை வழிய வழிய நிரப்பினான். ஒரு சதகுப்பைக் கீரைத் தண்டு மேலே மிதந்தது. ஹாங்க் மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. பீச் பழ ரசம் குடிப்பது மாதிரி குடித்தார்.

“வேணும்னா மாத்திக்கலாம்யா,” என்றாள் மிக்தாலியா. “பையனை நீ வச்சுக்க. உன் முதல் சுத்து ஆளை எனக்குக் குடு.”

“போடி திருடி.” வாயைத் துடைத்துக்கொண்டார். “உன்கிட்டயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா அது அப்பன் எடுத்தது. அதுக்கு என்ன மதிப்பு?”

போனை எடுத்து மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டார். தெற்கே பயிற்சி முகாமில் இருந்த நீல் இரண்டாவது மணியில் எடுத்தான்.

“டேய், உன்னை எடுத்துட்டாங்கடா.”

“யாரு? நீயாப்பா?”

“நான் இல்ல. மிக்தாலியா. பதினாலாவது சுத்துல.”

“கிரேன் மிக்தாலியாவா? மண்வெட்டி பிடிக்கத் தெரியலன்னு மேலருந்து மைக்ல திட்டுமே, அதுவா? பதினாலா?” என்றவன், போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரிடமோ கத்தினான்: “டேய், என்னைப் பதினாலாவது சுத்துல எடுத்திருக்காங்கடா!” அங்கேயும் ஏழெட்டுக் குரல்கள் ஊளையிட்டன.

“ஒழுங்காப் போடு,” என்றாள் மிக்தாலியா போனைப் பார்த்து. “இல்லன்னா மே மாசமே தூக்கிருவேன்.”

“சரிக்கா. அப்பா, இன்னும் ஆள் எடுத்துட்டு இருக்கீங்களா? எங்க கேட்சர் ஆல்டனை மட்டும் எடுத்துடாதீங்க. காலைல முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கி, ரெண்டு பேரு தூக்கிட்டுப் போனாங்க.”

நாங்கள் எல்லாரும் திரும்பி ஆர்விலைப் பார்த்தோம். அவன் ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, தனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை ஹாங்க் சுவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். பிறகு தான் கிளப்பிய சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார், வெல்டிங் பிடித்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

“டைம் ஓடுது பெருசு,” என்றான் ஆர்வில், மூக்கைப் பிடித்துக்கொண்டு. “உன் கடைசி ஆளைச் சொல்லு.”

“மெக்கல்லன்,” என்றார் ஹாங்க். “இன்னும் போகலல்ல? பையனுக்கு அடுத்தபடி அவன்தான்.”