கூரை பொறுக்கிய கடலை

ரொட்டியில் தடவும் கடலை விழுது அரைக்கும் அந்த ஆலையில் பூசணம் பிடித்த கடலைகள், நல்லதும் கெட்டதும் பிரித்துப் பொறுக்கும் பெண்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து மேசையிலிருந்து எழும்பிப் போய்க் கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டன. அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லாததால் ஒரு மழைக்காலம் முழுக்க இது தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் எடை குறைகிறது என்பதுதான். எடை குறைந்தால் ஆலைக்காரருக்குச் சோறு இறங்காது. தராசைச் சந்தேகப்பட்டார், எலியைச் சந்தேகப்பட்டார், மூட்டை தைப்பவனைச் சந்தேகப்பட்டார். கடைசியில், கடலை பொறுக்கும் மேசையைக் கவனித்துக்கொண்ட மச்சினியிடம் வந்து நின்றார். மனைவியின் கூடப்பிறந்த தங்கை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. மனைவியையே அவர் முழுசாக நம்பினார் என்று சொல்ல முடியாது.

ஒரு சாயங்காலம் வாசலில் நிறுத்தி மச்சினியின் பையைக் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை விழுந்தன. மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் முகம் சுண்டிப்போனது, வாய் மட்டும் திறக்கவில்லை. அதையும் அவர் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டார். மேசைக்கு நேர் மேலே கேமரா மாட்டிக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, விடுமுறை நாளில் தானே ஏணி ஏறினார்.

தலை முட்டிய இடமெல்லாம் கடலை. இவள்தான் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள் என்று முதலில் நினைத்தார். ஒன்றைப் பிய்த்து உடைத்தார். பருப்பின் நடுவில் பச்சைப் பொடி. கையை விட்டதும் இரண்டு பாதியும் மேலே போய் ஒட்டிக்கொண்டன. நல்ல கடலை ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். அது விழுந்து தரையில் உருண்டது. கூரை பொறுக்கியதில் ஒரு தப்பும் இல்லை.

பெண்கள் ஒதுக்கிப் போடும் கடலையை, அவர்கள் வீட்டுக்குப் போனதும் எடுத்து வறுவலில் கலப்பது அவருடைய பல வருஷப் பழக்கம். வறுத்தால் பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது என்று பரிசோதனைக்கூடத்து ஆள் ஒருவர் வந்து சொன்னபோது, ஏதோ கருவி விற்க வந்தவன் என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்.

மறுநாள் மச்சினியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஒதுக்கி வச்சத நீங்க திரும்பக் கலக்குறீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தான். இப்ப அதுங்களுக்கும் தெரிஞ்சிருச்சு போல."

"வறுத்தா ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்ப நம்ம வீட்டு பாட்டிலுக்கு மட்டும் ஏன் தனியாப் பொறுக்கி அரைக்கிறீங்க?"

எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அதை ரொட்டியில் தடவித் தின்றிருக்கும் என்று நினைத்ததும் அவர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. வேலை போய்விடுமே என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததில் அவளுக்கும் வெட்கம்தான்.

அடுத்து வந்த வருஷங்களில் அவர் ஈரம் பார்த்துத்தான் மூட்டை வாங்கினார். மூட்டைகள் தரையை விட்டு மரச்சட்டத்தின் மேல் ஏறின, சுவரை விட்டும் தள்ளி நின்றன. கூரையில் கடலை குறைந்தது, ஒரேயடியாக இல்லாமல் போகவில்லை. அக்கம்பக்கத்துச் சின்ன ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கை அந்த மேசையில் பரப்பிவிட்டு, வெளியே போய் டீ குடித்துத் திரும்பி, கீழே தங்கியதை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். கூரை கூட்ட ஒரு ஆள் போட்டார்கள். தரை கூட்டுகிறவருக்கு என்ன சம்பளமோ அதேதான் அவருக்கும். கூட்டியதை மச்சினி குழியில் போட்டு, மேலே எழும்பாமல் கல் வைத்துப் புதைத்தாள்.

பையைக் கொட்டச் சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது சந்தேகப்படுவது அவளுடைய முறை. ஒவ்வொரு அரவையிலும் முதல் கரண்டியை அவர் தின்று விழுங்கும்வரை ஒரு பாட்டிலுக்கும் மூடி போட விடமாட்டாள். அவரும் விழுங்குகிறார். விழுங்கிவிட்டு, கால் தரையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறார்.