குழியின் அடியில் புது நாணயம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற தேரிக்காட்டில், சுற்றுச்சூழல் ஆய்வுக்காரர்கள் வருவதற்கு முன்னால், 'பழையது ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க, அங்கே ஆலை கட்டப்போகிற கம்பெனிக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஜாஸ்லினைக் கூப்பிட்டார்கள். நாசரேத்துக்காரி, தொல்லியல் படித்தவள். கம்பெனியே முளைக்குச்சி அடித்து வைத்திருந்தது. அந்தக் குச்சி நிற்கிற இடத்தில் மட்டும்தான் தோண்ட வேண்டுமாம். திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான்!

"இங்கன மம்பட்டி படுறது இதான் மொத தடவ, மேடம்" என்று வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார் மேலாளர் பொன்னுதுரை. தேரியில் நடந்தாலும் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் செம்மண் ஒட்டாத மனுஷர்.

குச்சிக் குழிகளில் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டு ஜாஸ்லின் போயிருக்கலாம். ஆனால் அவள் மனசெல்லாம் விஜயராஜிடம் இருந்தது. கல்லூரியில் கூடப் படித்தவன், இதே தொழில். கடலோரமாக ஒரு வேலை என்று சொல்லிக் கிளம்பியவன் ஒரு மாதமாக வீடு திரும்பவில்லை. வெளிநாடு போயிருப்பான் என்கிறது ஊர். பிள்ளைத்தாச்சியான அவன் மனைவி ஜெமி தினமும் போன் போட்டு, "ஏளா, அவுகளப் பத்தி எதும் தெரிஞ்சுதா?" என்று கேட்பாள்.

உடைமரத்தடியில் தரை கொஞ்சம் அமுங்கிக் கிடந்தது, அதுவும் சதுரமாக. மழை எங்கேயாவது சதுரம் பார்த்துப் பெய்யுமா? அங்கே தோண்டச் சொன்னாள்.

"குச்சி இல்லாத எடம்லா, யக்கா" என்று இழுத்தான் குழி வெட்டுகிற சுடலைக்கண்ணு. அப்புறம் வெட்டினான். மண் பொலபொலவென்று வந்தது. மார்பளவு ஆழத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தாள். அதன்மேல் இந்த வருஷத்துப் பத்து ரூபாய் நாணயம்.

ஜாஸ்லின் குழிக்குள் இறங்கி அதை எடுத்தாள். குழியை மூடுமுன் அடியில் புது நாணயம் போடுவது தொல்லியல்காரர்கள் வழக்கம். 'இதுவரைக்கும் நான் பார்த்துவிட்டேன்' என்று பின்னால் தோண்டுகிறவருக்குச் சொல்லிவைப்பது. எல்லாரும் ஒரு ரூபாய் போடுவார்கள். பத்து ரூபாய் போடுகிற ஊதாரி, அவளுக்குத் தெரிந்து ஒருத்தன்தான். "கொறச்சுப் போட்டா ஆதிச்சநல்லூர்த் தாத்தா கோவிச்சுக்கிடுவாருலா" என்று சிரிப்பான் விஜயராஜ்.

தாளை விலக்கினாள். முதுமக்கள் தாழி ஒன்றின் விளிம்பு தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவன் இதைப் பார்த்திருக்கிறான். பார்த்ததை மறைக்கத் தெரியாதவன். மம்பட்டி படுவது முதல் தடவை என்றாரே பொன்னுதுரை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

குழிக்குள் நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டை நின்றது. சுடலைக்கண்ணுவைக் காணோம்.

நாணயத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு, காலால் மண்ணைத் தாழி விளிம்பின்மேல் தள்ளினாள்.

"என்ன மேடம், எதும் கெடச்சுதா?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் மண்ணு."

பொன்னுதுரை குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பிரியமாகச் சிரித்தார்.

"விஜயராஜ் சாரும் மொதல்ல அப்படித்தான் சொன்னாவ."