அடுப்பு அணைந்த சாயங்காலம்

லூயிஸ் அண்ணன் எங்களை ஏமாற்றிவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். குன்னூர்க்காரர், என் வீட்டுக்காரர் டெனினுக்குப் பழைய சிநேகிதர். தான் வைத்திருந்த சின்னத் தொலைநோக்கியைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்களுக்கு விற்றார். "வியாழன்ல ரெண்டு பட்டை பளிச்சுன்னு தெரியும் டீச்சர். போன வெச்சே போட்டோ புடிக்கலாமுங்க" என்றார். அந்த இரண்டு பட்டைக்காகத்தான் வாங்கினேன்.

வியாழனின் பெரிய நிலவுகள் நாலும் முதல் நாளே புள்ளி புள்ளியாய்த் தெரிந்தன. பட்டையைத்தான் காணோம். போனில் எடுத்த படத்திலெல்லாம் வியாழன், எண்ணெயில் போட்ட அப்பம் மாதிரி ஓரம் நெளிந்து கிடந்தது.

நானும் விடவில்லை. முக்காலியின் காலுக்கடியில் செங்கல் வைத்தேன். லென்ஸில் பனி படிகிறதோ என்று துணி சுற்றினேன். போனைப் பிடிக்கும் கிளிப்பை மாற்றினேன். எங்கள் மலையூரான நடுவட்டத்தில் மிஸ்ட் வந்து மூடாத சாயங்காலம் கிடைப்பதே பெரும்பாடு. அப்படிக் கிடைத்த நாளிலும் அதே அப்பம்தான். இடத்தை மாற்றவும் வழியில்லை. எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸைச் சுற்றி மூன்று பக்கமும் சில்வர் ஓக் மரங்கள். பின்வாசலில் நின்றால் கிழக்கே, டீ பேக்டரியின் கூரைக்கு மேலே மட்டும்தான் வானம் திறந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் தொலைநோக்கியைத் தொடுவதில்லை. ஓய்வுநாளில் ஊசியில் நூல்கூடக் கோக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். துணி துவைக்க மாட்டேன், பரீட்சைத் தாள் திருத்த மாட்டேன். டெனின் இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார். பிடிவாதம் என்னுடையது.

கடைசியில் பொறுமை போய் லூயிஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன். "லென்ஸ் கெட்டதுன்னு தெரிஞ்சேதான எங்க தலைல கட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். "திங்கக்கிழம காலைல வந்து எடுத்துக்கறேனுங்க" என்று மட்டும் அவர் சொன்னார். கோபத்தில் பேசிவிட்டேனே தவிர, அது போகப்போகிறது என்றதும் எனக்கு அழுகை முட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு ராஜகுமாரி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பேக்டரி அடுப்பில் விறகு போடுகிறவன். அவள் கையில் இருந்த வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கரி இல்லை. நான் கட்டியிருந்த வெள்ளைப் புடவையிலோ முந்தானை முழுக்கக் கரிப்புள்ளி.

"உன் துணி மட்டும் எப்படி ராஜகுமாரி இப்படி இருக்கு?"

"ஞாயித்துக்கிழம கொழுந்து எடுக்கறதில்லீங்களே டீச்சர். கொழுந்து இல்லைன்னா வாட்டறதுக்கு சூடு வேண்டாம், அடுப்ப அணைச்சுருவாங்க. கரி பறக்காது. நீங்கதான் இன்னிக்குத் துவைக்க மாட்டீங்களே" என்று சிரித்தாள்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? டெனினே எஸ்டேட் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறார். ஆனாலும் அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். புகைபோக்கி சும்மா நின்றது. அதற்கு நேர் மேலே வியாழன்.

தோசைக்கல் காய்ந்ததும் அதற்கு மேலாகப் பார்த்தால் பின்னால் இருக்கும் சுவர் நெளியும். மற்ற ஆறு நாளும் நான் எரிகிற அடுப்புக்கு மேலாகப் பார்த்துவிட்டு லென்ஸைத் திட்டியிருக்கிறேன்! அடுப்பு அணைந்திருந்த ஒரே நாளில் தொலைநோக்கியை உறையில் போட்டு மூடியும் வைத்திருக்கிறேன்.

டெனினிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நல்லவேளை.

"பாத்துரு ஷைனா. நாளைக்கு லூயிஸ் எடுத்துட்டுப் போயிட்டா தெரியாமயே போயிரும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க."

"ஆண்டவர் படைச்சத பாக்கறது வேலையா? ஸ்க்ரூ முடுக்கறதுதான் வேலை. அத நான் முடுக்கறேன்."

சொன்னபடியே முக்காலியைத் தூக்கி வந்து வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, வியாழனுக்கு நேராகத் திருப்பிவிட்டு நகர்ந்தார். நான் குனிந்தேன்.

இருந்தது. இளமஞ்சள் உருண்டை, அதன் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள். துளி நெளிவு இல்லை. நான் வாய்விட்டுக் கத்தியதில் ராஜகுமாரி துணியோடு ஓடி வந்துவிட்டாள். போனை மாட்டியதும் டெனின்தான். பட்டனை மட்டும் நான் அழுத்தினேன். அது தப்பென்றால் அது என்னோடே இருக்கட்டும். படத்தில் வியாழன் துவரம்பருப்பு அளவுதான், ஆனால் பட்டை இரண்டும் இருந்தன.

அந்தப் படத்தை லூயிஸ் அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"அப்ப நாளைக்கு நான் வரட்டுங்களா, வேண்டாமுங்களா?"

"வாங்கண்ணா. எடுத்துட்டுப் போறதுக்கில்ல. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும், அத போன்ல கேக்கறது மரியாதையில்ல."

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ராஜகுமாரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வியாழனைப் பார்த்தாள். பிறகு என் முந்தானையைப் பார்த்தாள். "இனி ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இதப் பாப்பீங்கதான டீச்சர்? அப்படியே துணியையும் துவைச்சுருங்க, வெள்ளையா இருக்கும்."

"துவைக்கறது வேலை ராஜகுமாரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்தேன்.