பால் சுட வைக்கப் போனவள்

1

இந்தக் கதையை எழுத நான் நுவரெலியாவுக்குப் போகவில்லை. போனது வேறொரு கதைக்காக. கொழும்புப் பத்திரிகை ஒன்று சித்திரை மலருக்கு, கொழும்புக்காரர்கள் குளிர் தேடி மலையேறும் காலத்து 'சீசன் கதை' கேட்டிருந்தது. ஏரி வேண்டும், பூ வேண்டும், தோளில் சால்வை போட்ட ஒரு பெண் வேண்டும், அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட ஓர் இளைஞன் வேண்டும். என் வீட்டில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் மனைவியின் தம்பியும் சுற்றி இருக்கும்போது பெருமூச்சு எழுத வராது. கொட்டாவிதான் வரும். ஆகவே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, டவுனில் ஹமீத் நானா பார்த்துக்கொள்ளும் ஹோட்டலில் ஓர் அறை எடுத்தேன். கீழே சாப்பாட்டுக் கடை. மேலே பலகை நடை, நடையோரம் வரிசையாக அறைகள்.

சாயங்காலத்துக்குள் எழுதியது இவ்வளவு:

"மாசிப் பனி மல்லிகைப் பந்தலைப் போல—"

[நுவரெலியாவில் ஏது மல்லிகைப் பந்தல்? அடித்துவிட்டேன்.]

"அவளுடைய கண்களில் ஏரியின்—"

ஏரியின் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். சால்வை போட்ட பெண் ஒருத்தி நின்றாள். சால்வை என்றால் கம்பளித் துண்டு, கொழுந்துக் கூடைக்கு அடியில் முதுகில் போடுவது. கையில் ஒரு சிரட்டை.

"அண்ணே, வீட்டுல அக்கா இல்லீங்களா?"

"எந்த அக்கா?"

"கொஞ்சம் நெருப்பு வேணும். பிள்ளைக்குப் பால் சுட வைக்கணும்."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாழாதவர்களுக்காக ஒரு வார்த்தை.* அடுப்பு அணைந்துவிட்டால் அங்கே யாரும் புதிதாக மூட்டமாட்டார்கள். அடுத்த காம்பரா வீட்டில் சிரட்டையை நீட்டினால் ரெண்டு கங்கு விழும். வரிசையாகக் கதவுகள், கதவுக்கொரு குடும்பம். அவள் கண்ணுக்கு இந்த ஹோட்டலும் மாடி வைத்த லயமாகத்தான் தெரிந்திருக்கிறது. எந்தக் கதவுக்குப் பின்னாலும் அடுப்பு இல்லாத ஒரு லயம் இருக்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன்.

"தீப்பெட்டி எங்கிட்டயும் இருக்குங்க" என்றாள். "நெருப்புதான் இல்ல."

அந்த வரிக்கு மனசுக்குள் கைதட்டினேன். பக்கத்து அறையில் ஒரு குழந்தை தொண்டை கிழியக் கத்துகிறது, இங்கே ஒருவன் வசனம் கிடைத்த சந்தோஷத்தில் நிற்கிறான். எழுத்தாளன் என்கிற பிராணியை வீட்டில் வளர்ப்பது பற்றி என் மனைவிக்கு நிறையப் புகார்கள் உண்டு. எல்லாம் நியாயமானவை.

* லயத்தில் வாழ்ந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பத்திரிகை ஆசிரியருக்காக எழுதியது. அவர் கொழும்பில், பணக்காரர்கள் வாழும் கொள்ளுப்பிட்டியில் இருக்கிறார்.

2

அவள் பேச்சியம்மா. புருஷன் சோலைமலை. வலப்பனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருவருக்கும் வேலை. குழந்தை லெட்சுமிக்கு நெஞ்சில் சளி. காய்ச்சலில் தாய்க்குப் பால் வற்றிவிட்டதால் டின் பால்மா. சூடாகத்தான் கொடுக்க வேண்டும் என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். காலையில் கரைத்த பால் போத்தல், பஸ் மலையேறி வந்து சேர்வதற்குள் ஐஸாகிவிட்டது.

பள்ளிக்கூட மாஸ்டர், கதை எழுத வந்தவன் என்று சொல்லிக்கொண்டே நான் பின்னால் போய் எட்டிப்பார்த்தேன். சோலைமலை கட்டில் மேல் ஏறி நின்று, கூரையில் தொங்கிய பல்புக்கு ஒரு தேங்காய் ரொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான். சாமிக்குச் சூடம் காட்டுகிறவன் மாதிரி முகத்தில் அப்படி ஒரு பயபக்தி.

"சூடு ஏறுதா?" என்றேன்.

"ஒரு பக்கம் ஏறுதுங்க மாஸ்டர். மத்தப் பக்கத்துக்குத் திருப்புறதுக்குள்ள மொதப் பக்கம் ஆறிப்போகுது."

"ரொட்டிய விடுங்க மனுஷா" என்றாள் பேச்சியம்மா. "ரொட்டி நாளைக்கும் ரொட்டிதான். பால வைங்க."

தலைத்துண்டில் போத்தலைக் கட்டிப் பல்போடு சேர்த்துப் பிடித்தான். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு மூடியிலிருந்து ஒரு சொட்டு கசிந்து சூடான பல்பில் விழுந்தது. டப்பென்று ஒரு சத்தம். அறை இருண்டது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது என்ன புது விளையாட்டு என்பதுபோல ஒரு கணம் பேசாமல் இருந்தது.

ஹமீத் நானா படியேறி வந்தார். உடைந்த பல்பையும் ரொட்டியையும் கட்டில் மேல் நின்றவனையும் விளக்குப் பிடித்துப் பார்த்தார்.

"ரூமுக்குள்ள சமைக்க ஏலாது தம்பி."

"சமைக்கலீங்க நானா. சுட வச்சோம்."

"பல்புலயா?"

"அடுப்பு இல்லீங்களே."

"அதுக்கு வாயில்லையா உனக்கு? கீழ பொய்லர் கொதிச்சிக்கிட்டு கெடக்குது. கொண்டா இங்க." போத்தலைப் பிடுங்கிக்கொண்டு, ரொட்டியையும் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார். பால் வெதுவெதுப்பாக வந்தது. ரொட்டி இருபக்கமும் சுட்டு, மேலே காரமான கட்டைச் சம்பலோடு வந்தது.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் சித்திரை மலருக்குச் சரியாக இருந்திருக்கும். சிரிப்பு, கொஞ்சம் ஈரம், இன ஒற்றுமை. இங்கேயே நிறுத்தலாம் என்று விரும்பும் வாசகர்கள் நிறுத்திக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். எனக்கே அதுதான் ஆசை.

3

அவர்கள் சீசன் பார்க்க வரவில்லை. மறுநாள் காலை விசாரணை. இந்திய வம்சம் என்று நாடில்லாமல் தள்ளப்பட்டு, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்ட தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காலையில் புறப்பட்டால் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்று முதல் நாளே வந்துவிட்டார்கள். விண்ணப்பித்தவன் மட்டும் இந்த நாட்டில் விடாமல் இருந்தால் போதாது, பெண்டாட்டி பிள்ளையும் இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் சளி பிடித்த குழந்தையையும் தூக்கிக்கொண்டு குடும்பமாக வந்திருந்தார்கள்.

விசாரணை அலுவலகத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. மத்தியானம் சோலைமலை சொன்னதுதான். மிச்சத்தை நானே கட்டிக்கொள்கிறேன்.

"பெரிய மேசை. மேலே மின்விசிறி மெல்லச் சுழன்று—"

[நுவரெலியாவில், மாசியில், மின்விசிறியா? கொழும்புக் கந்தோர்களைப் பற்றிப் படித்துப் படித்துக் கெட்டுப்போன புத்தி. விசிறியை நிறுத்திவிட்டேன்.]

காலையிலிருந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிடுகிறபாடாக இல்லை. ஹமீத் நானா சுட வைத்துக் கொடுத்த பால் திரும்பவும் ஆறிப்போனது. லெட்சுமி கத்தத் தொடங்கினாள்.

"ஏய், பிள்ளைய வெளிய கொண்டு போ" என்றார் பியூன். "துரைக்குத் தலையிடி."

பேச்சியம்மா எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்கு ஓடினாள். சிங்களக் கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, பசித்த குழந்தையைத் தெரியும். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, போத்தலை வெந்நீரில் நன்றாக அலசி, புதுசாகப் பால் கரைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சூடு கூடிவிட்டதென்று ஆற்றி, மறுபடியும் பார்த்து... அவ்வளவு கரிசனை. அந்த அம்மா கொஞ்சம் சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் பேச்சியம்மா நேரத்துக்குத் திரும்பியிருப்பாள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சோலைமலையின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் இங்கிலீசில் கேட்டார். பக்கத்தில் நின்றவர் தமிழில் சொன்னார்.

"உன் மனைவி எங்கே?"

"பிள்ளைக்குப் பால் சுட வைக்கப் போயிருக்குங்க தொர."

"பால் சுட வைக்கவா? எங்கே, இந்தியாவுக்கா போயிருக்கிறாள்?"

பகிடி. கந்தோரே சிரித்தது. பியூன் சிரித்தார். டைப் அடிக்கிறவர் சிரித்தார். மொழிபெயர்த்தவர், பெயர்த்த பிறகு, தனியாக ஒருமுறை சிரித்தார். சோலைமலையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, தலையைச் சொறிந்துகொண்டே, "ஆமாங்க தொர" என்றான்.

சிரிப்பு அடங்கியது. பேனா நகர்ந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவன் தன் பெண்டாட்டி எதிர்க்கடையில் நிற்கும்போது இந்தியாவில் இருக்கிறாள் என்றா சொல்லுவான்? நம்பும்படியாக இல்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். சோலைமலையிடமே கேட்டேன்.

"என்னத்துக்குய்யா ஆமாங்கன்னு சொன்ன?"

"தொர பகிடி பண்ணினாருங்க மாஸ்டர்."

"பகிடின்னு தெரியுதுல்ல?"

"தெரிஞ்சதாலதானே சிரிச்சேன்."

அவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும்போது தோட்டத்துத் துரை ஏதாவது பகிடி சொல்லுவார். "என்ன சோலைமலை, நேத்து நல்லாக் குடிச்சியா?" குடிக்காதவனும் சிரித்து "ஆமாங்க தொர" என்பான். "நீ மனுசனா, மாடா?" "மாடுதாங்க தொர." இல்லை என்றால் பகிடி செத்துவிடும். செத்த பகிடிக்கு அன்றைக்கு யாராவது ஒருவன் பேர் வெட்டப்படும், கூலி போகும். அப்பன் சிரித்தான், இவன் சிரித்தான். துரையின் பகிடிக்கு ஆமாம் போடுவது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. கும்பிடு மாதிரி ஒன்று.

நம்பாதவர்களுக்கு இன்னொரு தகவல். போன வருஷம் பள்ளிக்கூடப் பரிசோதகர் என் கோட்டைத் தொட்டுப்பார்த்து, "மாஸ்டர், இது உங்கள் கலியாணக் கோட்டா, தாத்தாவின் கலியாணக் கோட்டா?" என்றார். "தாத்தாவோடதுதாங்க சேர்" என்று பல்லை இளித்தேன். என் தாத்தா கோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. நல்ல வேளை, யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

5

கந்தோரில் பேனா நகர்ந்துகொண்டிருக்கும்போதே பேச்சியம்மா வந்துவிட்டாள். குழந்தை வைத்திருந்ததால் பியூன் உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள்.

"அந்தா நிக்கிறா தொர! அதுதாங்க என் சம்சாரம்!"

"உன் மனைவி இந்தியாவில் என்று நீதானே சொன்னாய்? அப்போது இது யார்?"

"இதுதாங்க அவ."

"கலியாணம் பதிந்திருக்கிறதா?"

"தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினதுங்க."

"பதிந்திருக்கிறதா?"

வெளியே அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் தன்னைக் கைகாட்டுவது மட்டும் தெரிந்தது. துரைமாருக்குத் தன்னைக் காட்டுகிறான் என்று சிரித்தாள். போத்தலைச் சப்பிக்கொண்டிருந்த லெட்சுமியையும் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

தள்ளுபடி. மேலே முறையிடலாமாம். அதற்கு லோயர் பிடிக்க வேண்டுமாம். அடுத்த பெயர்.

நான் இதற்கு மாற்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

(அ) மொழிபெயர்த்தவர் தொண்டையைக் கனைத்து, "சேர், அவன் சும்மா பகிடிக்குச் சொல்கிறான்" என்கிறார். துரை வெட்கப்பட்டு—
[எழுத எழுத அந்த மனிதர் மெழுகுப் பொம்மையாகிக்கொண்டே போனார். சம்பளமும் பென்ஷனும் உள்ள மனிதரை என்னால் அப்படிக் கனைக்க வைக்க முடியவில்லை.]

(ஆ) சோலைமலை சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, "என் பொஞ்சாதி எதிர்க்கடையில இருக்கா, தொர. ஆளனுப்பிப் பாருங்க" என்கிறான்.
[அருமையான ஆள். ஆனால் அப்படி ஒரு ஆளைத் தோட்டத்தில் அத்தனை வருஷம் விட்டுவைத்திருப்பார்களா? அவன் விசாரணை வரைக்கும் வந்து சேரவே மாட்டான்.]

(இ) லெட்சுமிக்குப் பசிக்கவில்லை.
[இதுதான் இருப்பதிலேயே சுலபமானது. ஒரு கைக்குழந்தை அரை மணி நேரம் பசிக்காமல் இருந்திருந்தால், ஒரு குடும்பத்துக்கு ஒரு நாடு இருந்திருக்கும். இதைப் போய்க் கதை என்று யாரிடம் கொடுப்பது?]

6

மத்தியானம் கீழே மேசையில் சோலைமலை எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். பேச்சியம்மா மேலே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். வலப்பனைப் பஸ் புறப்படும் நேரம். ஹமீத் நானா, யாரும் கேட்காமலே, பஸ்ஸுக்கென்று சூடாகப் பால் ஊற்றிப் போத்தலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்" என்றான் சோலைமலை, குரலைத் தாழ்த்தி. "நான் ஆமாங்கன்னு சொன்னது அவளுக்குத் தெரியாது."

"சொல்லலியா?"

"பேர் கூப்பிடுறப்போ தான் இல்லாததாலதான் இப்படி ஆச்சின்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தா. நான் வாய மூடிக்கிட்டேன்."

"சொல்லிடு."

"சொன்னா, பொண்டாட்டிய உசிரோட நாடு கடத்திட்டு வந்தவன்னு ஆயிடும். சொல்லாட்டி, பிள்ளைக்குப் பால் குடுத்தது அவ குத்தமாயிடும்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீங்க எழுதுறவுக. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பேச்சு இருக்கும்ல? அத எனக்குச் சொல்லிக் குடுங்க."

எழுதுகிறவன்! ஏரியின் என்ன என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவனிடம் கேட்கிறான். யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். வந்ததெல்லாம் பத்திரிகைத் தமிழ். "விதி" என்று ஒன்று வந்தது, "காலம் மாறும்" என்று ஒன்று வந்தது. இரண்டையும் வாயிலேயே மென்று விழுங்கிவிட்டேன்.

அதற்குள் பேச்சியம்மா, லெட்சுமியைத் தோளில் போட்டுக்கொண்டு, இறங்கி வந்துவிட்டாள். ஹமீத் நானாவிடம் போத்தலை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. புருஷனைப் பார்க்கவில்லை. நேரே என்னைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சவுக, சொல்லுங்க அண்ணே. அந்நேரம் நான் அங்கன இருந்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

சோலைமலை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது நல்ல வரி இல்லை, உதவியும் இல்லை. வேண்டுமானால் நீங்கள் சொல்லிப்பாருங்கள். 'ஆம்' என்றால் பிள்ளைக்குப் பால் சுட வைத்ததற்காக அவள் ஆயுசுக்கும் தன்னையே திட்டிக்கொள்வாள். 'இல்லை' என்றால் ஏன் என்று கேட்பாள், அவன் பக்கத்திலேயே இருக்கிறான். இடம் விட்டிருக்கிறேன்:

"...................................................."

மெதுவாகச் சொல்லுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கியிருக்கிறது.