ஏழாவது எண்

அல்சூரில் ஒரு செல்போன் நிறுவனத்தின் அலுவலகத்தில் அல்போன்சா வேலை பார்த்தாள். போலீஸ் கேட்கும் எண்களின் அழைப்பு விவரத்தையும், போன் இருக்கும் இடத்தைக் காட்டும் டவர் விவரத்தையும் எடுத்து அனுப்பும் பிரிவு. பன்னிரண்டு வருடங்களில் தெரிந்தவர்களின் எண் எதுவும் அவள் மேசைக்கு வந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு பைக் திருட்டு வழக்குக்காக ஏழு எண்கள் கேட்டுக் கடிதம் வந்தது. ஏழாவது எண் ஆஷாவுடையது. சர்ச் பாடகர் குழுவில் இவள் பக்கத்தில் நின்று பாடியவள். அடி தாங்காமல் கணவனை விட்டு வந்து, புது எண்ணை அல்போன்சா உட்பட நாலைந்து பேருக்கு மட்டும் கொடுத்திருந்தாள். இருக்கும் இடத்தை அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கணவன்தான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் பரத். எண் எப்படியோ அவனுக்குக் கிடைத்திருந்தது.

போலீஸ் உயரதிகாரியான டி.சி.பி.யின் ஒப்புதல் இல்லாமல் விவரம் தரக்கூடாது என்பது விதி. அவசரமென்றால் ஒப்புதலைப் பிறகு வாங்கிக்கொள்வது அலுவலக வழக்கம். ஒப்புதல் இல்லாத அந்தக் கடிதத்தை அல்போன்சா திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் பரத் நேரிலேயே வந்தான்.

"ஒரு கையெழுத்துக்காகவா மேடம் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"டி.சி.பி. கையெழுத்தோட வாங்க சார். அன்னைக்கே குடுத்துடறேன்."

"திருடன் ஓடிட்டா யார் பதில் சொல்றது?"

"ஏழாவது நம்பர் யாருதுன்னு டி.சி.பி. கிட்ட சொல்லிட்டு வாங்க."

அவன் அவளது அடையாள அட்டையில் இருந்த பெயரை நிதானமாகப் படித்தான். "வீடு எங்க மேடம்?" என்றான். அவள் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

புகார் எழுதப்போவதாக அவள் சொன்னதும் மேனேஜர் டிரேவர் தயங்கினார். "திருப்பி அனுப்பிட்ட இல்ல, இதோட விட்டுடு."

"நாளைக்கு நான் லீவுல இருந்தா, என் சீட்ல இருக்கறவங்க குடுத்துடுவாங்க சார்."

அன்றே டி.சி.பி.க்குப் புகார் எழுதினாள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும், பிரிந்து போன மனைவியைத் தேட வழக்கின் பெயரைப் பயன்படுத்துவதையும் நாலு வரியில் குறிப்பிட்டாள். டிரேவர் இரண்டு முறை படித்துவிட்டு, கீழே தானும் கையெழுத்துப் போட்டார்.

ஆஷாவிடம் சொல்லலாமா என்று மூன்று வாரம் தவித்தாள். யாருடைய எண்ணைக் கேட்டார்கள் என்பது வெளியே போகக்கூடாத விஷயம். அதனால் சொல்லவில்லை.

விசாரணையில், ஏழாவது எண்ணுக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. பரத்தை சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை அதிகாரி ஆஷாவிடமும் போனில் பேசி, புகார் கொடுத்தது அல்போன்சா என்று சொன்னார். அன்று சாயங்காலமே ஆஷா அல்போன்சாவைக் கூப்பிட்டாள். நன்றி எதுவும் சொல்லவில்லை.

"நீ நெனச்சிருந்தா நான் எங்க இருக்கேன்னு பாத்திருக்கலாம் இல்ல?"

"பாத்திருக்கலாம்."

"பாத்தியா?"

"இல்ல ஆஷா."

பிறகு ஆஷா மெதுவாகச் சொன்னாள். "அத்திபெலேல இருக்கேன். இங்க ஒரு ஸ்கூல்ல டீச்சர். ஞாயித்துக்கிழமை வா. ஓசூர் பஸ்ல ஏறுனா போதும், ஸ்டாப்புல நான் நிக்கறேன்."