ஊதச் சொன்னவள்

பலராமன் ஊத மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். கட்டிலில் கால் தொங்கப்போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. "மூக்கால இழுத்தாச்சி இல்ல, இப்ப உதட்டக் குவிச்சி மெதுவா விடுங்கய்யா," என்றேன். உதடு குவியப் பார்த்தது. அதற்குள் கண் வாசற்படிக்குப் போனது. அங்கே அவர் மனைவி ஆராயி நின்றிருந்தார். உதடு மூடிக்கொண்டது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கு அது சீக்கிரம் வரும். திருவண்ணாமலையில் இருக்கும் நெஞ்சக நோய் கிளினிக்கிலிருந்து கீழ்பென்னாத்தூர் தாண்டி இந்த ஊருக்கு ஸ்கூட்டியில் வெயிலில் வந்திருக்கிறேன். பிசியோ என்றால் முட்டிக்குக் கரண்ட் வைக்கிறவள் என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கவும் ஒரு படிப்பா என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. "இதையே ஆசிரமத்துப் பக்கம் பாய் விரிச்சி சொல்லிக் குடுத்தா வெள்ளக்காரங்க கண்ண மூடிக்கினு கேப்பாங்கடி தேவி," என்பாள் அம்மா. அதுவும் உண்மைதான்.

பலராமன் வாழ்நாளெல்லாம் மல்லாட்டை மில்லில் கடலைத்தோல் தூசிக்குள் நின்றவர். பீடியை விட்டே கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவருக்குக் காற்றை உள்ளே இழுப்பதில் பெரிய கஷ்டமில்லை. போன காற்று வெளியே வராமல் அடைந்துகொள்ளும். அதனால்தான் உதட்டைக் குவித்து நீளமாக ஊதி விட வேண்டும். எழும்போது ஊத வேண்டும், நடக்கும்போது ஊத வேண்டும். இதைக் கற்றுக்கொண்டால் நாலு எட்டு கூட நடக்கலாம், இல்லையென்றால் கட்டில்தான். கிளினிக்குக்கு முதல் முறை வந்தபோது, உங்களுக்கு என்ன முடிந்தால் போதும் என்று கேட்டேன். ஆராயி மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "மல சுத்தணும், கோயிலுக்குப் போவணும்னுலாம் கேக்கல மேடம். கொல்லையில இருக்கிற பாத்ரூமுக்கு நானா போயி வந்தாப் போதும். அவ பக்கெட்டு தூக்கறத என்னால பாக்க முடியல."

அன்றைக்கு அவ்வளவு அழகாக ஊதினார். நோயாளிகளில் அப்படி ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறவர்கள் கம்மி. அந்த மனிதர்தான் இப்போது வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட நாற்காலியும் அதன் கீழே பக்கெட்டும் அப்படியே இருந்தன.

"நீங்களே ஊதலன்னா நான் வந்து இன்னா பிரயோஜனம்? டாக்டர் கிட்ட வேணான்னு சொல்லிடறேன்," என்று பையை எடுத்தேன். கை கழுவக் கொல்லைக்குப் போனேன். ஆராயி என் பின்னாலேயே வந்தார்.

"அவர ஏசாதம்மா. நாந்தான் ஊதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

"ஏம்மா?"

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். கிளினிக்குக்கு வந்துபோன வெள்ளிக்கிழமை சாயங்காலம் காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டு மாட்டைப் பார்க்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் சாமி மாடம் இருட்டு. விளக்குக்கு முன்னால் பலராமன் உதட்டைக் குவித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"கேட்டா, டாக்டரம்மாதான் வெளக்க ஊதி அணைக்கிற மாரி ஊதச் சொன்னாங்கன்றாரு. வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச நேரத்துல வாயால ஊதி அணைச்சிருக்காரும்மா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. அன்னிக்கி ராத்திரியே மூச்சு முட்டி நூத்தி எட்டுல தூக்கிக்கினு போனோம். அந்த வெளக்கு மாரியே இவரும் பூடுவாரோன்னு..."

பூவை மோந்து பார்ப்பது போல இழுங்கள், விளக்கை அணைப்பது போல ஊதுங்கள். கல்லூரியில் மெழுகுவத்தி என்று சொல்லிக்கொடுத்ததை நான்தான் விளக்கு என்று தமிழாக்கி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் யாரும் விளக்கை ஊதி அணைத்ததில்லை. அம்மா பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைப்பாள். அக்கா பையன் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தியை ஊதியதற்கே ஒரு வாரம் முணுமுணுத்தவள். இவ்வளவும் தெரிந்த எனக்கு, வெள்ளைக் கோட்டு மாட்டியதும் மறந்துபோயிருக்கிறது. அன்று ராத்திரி அவருக்கு மூச்சு முட்டியது நெஞ்சில் சளி கட்டியதால். அதைச் சொல்லலாம். ஆனால் சொன்னால் ஆராயிக்கு அந்தச் சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வருமா?

புகை பலராமன் பக்கம் வராமல் இருக்கக் கொல்லைக் கோடிக்கு மாற்றிய அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. நெருப்பு மங்கியிருந்தது. ஆராயி மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்த்திருந்த ஊதாங்குழலை எடுத்துக் குனிந்தார். உதட்டைக் குவித்து, அவசரப்படாமல், நீளமாக ஊதினார். கங்கு மெல்லச் சிவந்தது. என் நோயாளி யாரும் இவ்வளவு சரியாக ஊதியதில்லை.

"யம்மா, இது அணைக்கிறதுக்கா ஊதறீங்க?"

"அணைக்க யாருனா குழல எடுப்பாங்களா? பத்திக்கத்தான்."

"அவருக்கும் அத மாரிதான். உள்ள எரியறது அணையக் கூடாதுன்னுதான் ஊதச் சொல்றேன். நான் வெளக்குன்னு சொன்னது தப்பு. நீங்களே அவருக்குச் சொல்லிக் குடுங்க."

ஆராயி என்னையும் குழலையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழலைத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"இந்தா. சத்தியம் கித்தியம்லாம் ஒண்ணும் இல்ல, எடுத்துட்டேன். அடுப்பு பத்தணும்னு நெனச்சிக்கினு ஊது. வெடுக்குனு ஊதினா சாம்பதான் பறக்கும். நீட்டி ஊது."

பலராமன் குழலை வாயில் வைத்தார். முதல் மூச்சு இருமலில் முடிந்தது. ஆராயி முதுகைத் தடவிவிட்டு, "இன்னொருக்கா," என்றார். பிறகு குழல் தேவைப்படவில்லை. விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் அளக்கும் மெஷினில் எண் மெல்ல ஏறியது. தோள் காதை விட்டுக் கீழே இறங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் மூச்சையும் அப்போதுதான் விட்டேன்.

கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு பலராமன் என்னைப் பார்த்து, "போயிட்டு வரட்டா மேடம்?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எழும்போது ஊதினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று, ஊதி, நடந்தார். ஆராயி பின்னாலேயே போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொல்லையின் அந்தக் கோடி அவ்வளவு தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கதவருகில் நின்று ஒருமுறை நீளமாக ஊதிக்கொண்டார்.

"ஐயா, தாப்பா மட்டும் போடாதீங்க," என்று கத்தினேன். இது எல்லாரிடமும் நான் சொல்வது. உள்ளே மயங்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும்.

கதவு மூடியது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

நான் ஆராயியைப் பார்த்தேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழாய் திறந்து வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. ஆராயி துணி துவைக்கும் கல்லில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு காலையும் வெயிலில் நீட்டிக்கொண்டார்.